அடித்த சொல்லின் கீழே மூன்று புள்ளி

(கள்ளக்குறிச்சியில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் நூலக வாசகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பதிப்புத் துறையில் நுழைவது எப்படி, பிறகு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் எடிட்டராகப் பிழைப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. இந்த அரங்கில் அதைச் சொல்லாமல் போனால் என் மனசு ஆறாது.

பல வருஷங்களுக்கு முன்னால், சென்னையில் ஒரு பதிப்பகத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிரதி வந்தது. எழுதியவர் பள்ளி ஆசிரியர். தம் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி: ‘விடியக்காலம் கொல்லைக்குப் போன அம்மா பொழுது சாயத்தான் மல்லாட்டை மூட்டையோட வந்துச்சு.’

நான் மாயவரத்துக்காரன். எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் இருக்கும் தோட்டம். ‘கொல்லைக்குப் போவது’ என்றால் எங்கள் ஊரில் வேறு பொருளும் உண்டு. அம்மாவைப் பற்றிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்படியா என்று நினைத்து, சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘அதிகாலையில் வீட்டின் பின்புறத் தோட்டத்துக்குச் சென்ற அம்மா, மாலையில்தான் நிலக்கடலை மூட்டையுடன் வந்தார்’ என்று மாற்றினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத வாக்கியம். திருத்தியதில் எனக்கு நிறைவாகவும் இருந்தது.

மெய்ப்பு அவருக்குப் போனது. நாலாம் நாள் தொலைபேசியில் வந்தார். கோபமே இல்லாத குரல். ‘சார், எங்க அம்மா அஞ்சு மைல் நடந்துபோயி மல்லாட்டை புடுங்கிட்டு, கூலிக்குப் பதிலா கொடுத்த மூட்டையைத் தலையில வச்சிக்கிட்டு வரும். நீங்க அதை வீட்டுக்குப் பின்னாடியே உக்கார வச்சிட்டீங்களே’ என்றார்.

உங்களில் பாதிப் பேருக்கு இது முதலிலேயே புரிந்திருக்கும். இந்தப் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி நிலம், புன்செய்க் காடு. மல்லாட்டை என்பது மணிலாக்கொட்டை என்ற பெயர் நாக்கில் தேய்ந்த வடிவம். பிலிப்பைன்ஸின் மணிலா நகரத்தின் பெயர் உங்கள் பாட்டிமார் வாயில் தினமும் புழங்குகிறது. பழைய தென்னார்க்காட்டு மண்ணில் விளைந்து, பாண்டிச்சேரி வழியாகக் கப்பலேறிப் பிரான்சு வரைக்கும் போன பயிர் அது. அத்தனையையும் நான் ‘நிலக்கடலை’ என்று ஒரே போடாகப் போட்டு மூடிவிட்டேன். ‘வந்துச்சு’ என்பதில் மரியாதை இல்லை என்று நினைத்து ‘வந்தார்’ ஆக்கினேன். இங்கே பிள்ளை தாயைச் சொல்லும்போது அந்த ‘வந்துச்சு’வில் இருக்கிற பாசமும் மரியாதையும் ‘வந்தார்’ என்பதில் வருமா?

அச்சுத் தொழிலில் ஒரு குறி உண்டு. தவறாக அடித்துவிட்ட சொல்லை மீட்க வேண்டுமானால், அந்தச் சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘ஸ்டெட்’ என்று எழுதுவார்கள். லத்தீன் சொல். ‘இருக்கட்டும்’ என்று பொருள். லண்டனில் ஆந்த்ரே டாய்ச் பதிப்பகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு எடிட்டராக இருந்த டயானா ஆட்ஹில், 2000ஆம் ஆண்டில் தம் தொழில் நினைவுகளை எழுதியபோது அந்த ஒரு சொல்லையே புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார். அன்றைக்கு நான் கொல்லைக்குக் கீழே மூன்று புள்ளி, மல்லாட்டைக்குக் கீழே மூன்று புள்ளி, வந்துச்சுவுக்குக் கீழே மூன்று புள்ளி வைத்தேன். என்னைக் கேட்டால், எடிட்டர் வேலையை நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அந்தப் புள்ளிகளிலிருந்துதான். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் சம்பளம் வாங்கியிருந்தேன்.

இந்த வேலைக்குத் தமிழில் பல பெயர். அச்சில் வந்ததை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பார்ப்பது மெய்ப்பு. வாக்கியத்தையும் தகவலையும் ஒழுங்கு செய்வது செம்மையாக்கம். சிதறிக் கிடப்பதை ஒன்றாக்குவது தொகுப்பு. மூன்றையும் தெருவில் ‘எடிட்டிங்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். புதுசாக வெளிநாட்டிலிருந்து வந்த தொழில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சங்க இலக்கியத்தைப் பாருங்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மன், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. தொகுத்தவர் என்றால் எடிட்டர், தொகுப்பித்தவர் என்றால் செலவுக்குப் பணம் கொடுத்த பதிப்பாளர். இரண்டு வேலையும் வேறு வேறு என்று அன்றைக்கே பிரித்துச் சொல்லி, இரண்டு பேரின் பெயரையும் எழுதி வைத்தார்கள்.

ஐங்குறுநூற்றில் ஐந்து புலவர்களுக்கு ஆளுக்கு நூறு பாட்டு. குறிஞ்சி நூறு கபிலருடையது. அதே கபிலருக்கு உங்கள் திருக்கோவலூரில், பெண்ணையாற்றில் ஒரு குன்று இருக்கிறது. அவருக்கு மலையைப் பாடக் கொடுத்தது தற்செயலா? யாருக்கு எந்த நிலம் தெரியும் என்று பார்த்து வைத்தது ஒரு தொகுப்பாசிரியரின் கண் என்றே நான் நினைக்கிறேன்.

அதே மரபில் மனசை உறுத்துகிற ஒன்றும் இருக்கிறது. நற்றிணையைத் தொகுப்பித்தவர் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை. பணம் போட்டவரின் பெயர் தங்கியது, நானூறு பாட்டையும் பார்த்துப் பார்த்து அடுக்கியவரின் பெயர் போய்விட்டது. இன்றைக்கும் பாதிப் புத்தகங்களில் அதே கதைதான். இதைப் பிறகு சொல்கிறேன்.

உ.வே.சாமிநாதையரைப் பற்றி உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசையாகச் சொல்லுவீர்கள். நான் சொல்ல வருவது வேறு. அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், சைவச் சூழலில் வளர்ந்தவர். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு வேலைக்கு வருகிறார். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இல்லை. அங்கிருந்து ஆரம்பிக்கிறது. சிந்தாமணி சமணக் காப்பியம். சமணச் சொற்களும் சமணக் கொள்கையும் சைவப் புலவருக்குப் பிடிபடவில்லை. தெரியாத இடத்தில் தம் புலமையை வைத்து ஊகித்து ஒரு சொல்லைப் போட்டிருந்தால் அன்றைக்கு யார் அவரைக் கேட்டிருப்பார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. கும்பகோணத்திலிருந்த சமணர் வீடுகளுக்குப் போய், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏடுகளுக்குள் பாடம் வேறுபட்டால் வேறுபட்டதைப் பக்கத்தின் அடியில் பாடபேதம் என்று கொடுத்தார்.

சொல் யாருடையதோ அவர் வீட்டு வாசலுக்குப் போவது, கேட்காமல் அடிக்காமலிருப்பது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

நம் காலத்துக்கு வருவோம். 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் ‘க்ரியா’ பதிப்பகத்தைத் தொடங்கினார். ஒரு பிரதியை வாங்கி அப்படியே அச்சுக்கு அனுப்புவதுதான் பதிப்பு என்றிருந்த காலத்தில், எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகச் செம்மையாக்குவதை ஒரு தொழிலாகவே நிறுத்திக் காட்டியவர் அவர். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. உங்கள் பக்கத்துப் பேச்சு முழு நாவலாகச் சென்னையில் அச்சானபோது, அதை யாரும் ‘வந்தார் சென்றார்’ ஆக்கவில்லை. அதே க்ரியாதான் 1992இல் ‘தற்காலத் தமிழ் அகராதி’யைக் கொண்டுவந்தது. மக்கள் இன்றைக்கு எப்படிச் சொல்லைப் புழங்குகிறார்களோ, அதை வைத்துப் பொருள் சொல்லும் அகராதி. 2008இல் விரிவாக்கி ஒரு பதிப்பு, 2020இல் மறுபடி விரிவாக்கி ஒரு பதிப்பு. 2020 நவம்பர் 17 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது.

இன்னொருவர் உங்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பவர். விருத்தாசலத்துக்காரர் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைத் தொகுத்தார். 2007இல் தமிழினி வெளியிட்டது. கரிசலுக்குக் கி.ராஜநாராயணன் செய்ததை, கொங்குக்குப் பெருமாள்முருகன் செய்ததை, இந்த நடுநாட்டுக்கு இவர் செய்தார். எடிட்டராக விரும்பும் கள்ளக்குறிச்சிப் பிள்ளை முதலில் வாங்க வேண்டிய புத்தகம் அது. அது அன்றைக்கு என் மேசையில் இருந்து, நான் புரட்டியும் பார்த்திருந்தால், அந்த அம்மா கொல்லையிலேயே இருந்திருப்பார்.

சொல்லுக்கு அடுத்தது தகவல். கல்வராயன் மலையைப் பற்றி எழுதுகிற பிரதிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிழைகளைச் சொல்கிறேன். மலையில் வாழ்கிறவர்கள் மலையாளி. அரசின் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் பெயரும் அதுதான். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் கதை. ஆனால் வெளியூர் எடிட்டர் கையில் பிரதி போனதும், ‘மலையாளிகள் (கேரளத்தைச் சேர்ந்தவர்கள்)’ என்று ஒரு அடைப்புக்குறி முளைத்துவிடுகிறது. ஒரு அடைப்புக்குறி ஒரு முழு இனத்தையும் வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுகிறது. அண்ணன் தம்பி கதையும் கல்வராயனில் ஒரு மாதிரி, பச்சைமலையில் ஒரு மாதிரி, கொல்லிமலையில் ஒரு மாதிரி. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறும். மூன்றையும் அரைத்து ஒரே கதையாக்கக் கூடாது. யார் சொன்னது, எந்த ஊரில் சொன்னது என்று தனித்தனியே நிற்க வேண்டும். சாமிநாதையர் பாடபேதம் கொடுத்த மாதிரி.

இன்னொன்று. மலையில் ஜாகிர்தார் ஆட்சி முடிந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1976இல். சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்துத்தான் இந்த மலைக்கு அது வந்து சேர்ந்தது. ‘1976இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்’ என்று எழுதி வருவார்கள். அன்றைக்கு இது தென்னார்க்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பர் 26 அன்றுதான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. சின்ன விஷயம் போலத் தோன்றும். நிலப் பட்டா தேடிப் பழைய ஆவணத்தைப் புரட்டுகிற ஒரு மலைக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. தவறான மாவட்டத்தின் பெயரை நம்பித் தவறான அலுவலகத்து வாசலில் போய் நிற்பார்கள்.

சரி, வேலைக்கு எப்படி வருவது?

நான் வந்த வழி மெய்ப்பு. திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய அச்சகம். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் புரூஃபில் பார்த்துக்கொண்டே வருவார். படிக்கிறவர் கால்புள்ளி, முற்றுப்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்வார். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அப்படிக் காதால் தமிழ் கேட்டேன். எங்கே ஒரு வாக்கியம் மூச்சு வாங்குகிறது, எங்கே இடறுகிறது என்பது காதுக்குத்தான் முதலில் தெரியும். இன்றைக்கும் நான் எடிட் செய்கிற எந்தப் பிரதியையும் ஒரு தடவை வாய்விட்டுப் படிக்காமல் அனுப்புவதில்லை.

இன்றைக்கு அச்சகத்துக்குப் போய் உட்கார வேண்டியதில்லை. ஆனால் மெய்ப்பில் ஆரம்பிப்பதுதான் இன்றைக்கும் நல்லது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் கைவசமாக வேண்டும். யூனிகோடு தட்டச்சு சரளமாக வர வேண்டும். பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை மாற்றும்போது என்னென்ன சிதையும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்று காட்டுகிறேன். ‘ஔவை’ என்பதில் முதலில் இருப்பது ஓர் எழுத்து. பல கோப்புகளில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக அடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினியில் ஔவையைத் தேடினால் கிடைக்க மாட்டாள். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருப்பதும் இதே ரகம். நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ பிழைதிருத்தி, ‘நாவி’ சந்திப் பிழைதிருத்தி இரண்டும் நல்ல துணை, பயன்படுத்துங்கள். ஆனால் கொல்லையைத் தோட்டமாக்கிய என் பிழையை எந்தக் கருவியும் பிடித்திருக்காது. கருவி சொல்லைத்தான் பார்க்கும், அந்தச் சொல் எந்த ஊரில் எந்த வாயிலிருந்து வந்தது என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பதிப்பகத்திலோ பத்திரிகையிலோ சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் தனியாக வாருங்கள் என்பது என் யோசனை. தாள், கட்டுமானம், நூலக ஆணை, விற்பனை எல்லாம் எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் எழுத்தாளரிடம் உண்மையைச் சொல்ல முடியும். ‘சார், இந்த ஐஎஸ்பிஎன் நம்பருக்கு எவ்வளவு கட்டணும்?’ என்று ஓர் ஆசிரியர் என்னைக் கேட்டார். இந்தியாவில் அது இலவசம். அதற்கென்று யாரோ அவரிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். மலையிலிருந்து முதல் புத்தகம் எழுதி எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறவரை இப்படி ஏமாற்றுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தனியாக வந்த முதல் வருஷம் நானும் ஏமாந்தேன். ஒரு பெரிய புத்தகம், மூன்று மாத உழைப்பு. வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்ட தொகை. புத்தகம் வந்து கண்காட்சியில் விற்றும் தீர்ந்தது. பணம் வரவில்லை. என் பெயரும் புத்தகத்தில் இல்லை. அதிலிருந்து நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் பத்துப் பக்கம் மாதிரி செய்து கொடுப்பேன். எழுத்தாளருக்குப் பிடித்திருந்தால் என்ன வேலை, எத்தனை தடவை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குவேன். ஒரு பகுதி முன்பணம். புத்தகத்தில் ‘செம்மையாக்கம்’ என்ற சொல்லுக்கு எதிரே பெயர். பணத்தைப் பேசக் கூச்சப்படாதீர்கள். நெல் அறுக்கிறவரோ கரும்பு வெட்டுகிறவரோ கூலி பேசக் கூச்சப்படுகிறாரா? பெயரைக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். நற்றிணையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் நம் எல்லையும் தெரிய வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தம் படைப்பைத் தமக்கு இழுக்கு வரும்படி சிதைத்தாலோ திரித்தாலோ தடுக்கும் உரிமையை எழுதியவருக்குக் கொடுக்கிறது. உரிமையை விற்ற பிறகும் அது அவருடையது. திருத்தம் ஒவ்வொன்றும் எழுதியவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கணினியில் அதற்கென்றே மாற்றங்களைக் காட்டும் வசதி இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு ஒரு எழுத்தைக்கூட நான் தொடுவதில்லை.

இந்த வேலைக்குச் சென்னையில்தான் இருக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. கோப்பு வந்து சேர வேண்டும், திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்கள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். கச்சிராயபாளையத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்கி வந்து கோப்பை அனுப்பிவிட்டுப் போகலாம். அதற்கும் மேலே, உங்களிடம் இருப்பது எங்களிடம் இல்லை. வெள்ளிமலையில் பிறந்து, கடுக்காயையும் சாமையையும் தேனையும் பெயர் பெயராக அறிந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை நல்ல எடிட்டராக வந்துவிட்டால், கல்வராயனைப் பற்றி எழுதப்படுகிற எந்தப் புத்தகமும் முதலில் அவள் மேசைக்குத்தான் போக வேண்டும். 1906இல் ஃபிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு கெசட்டியர், 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகள் என்று இந்த மலையைப் பற்றி வெளியார் எழுதியது நூற்றாண்டாக இருக்கிறது. அதில் எது சரி, எது தப்பு என்று ஓரத்தில் பேனாவால் எழுதத் தெரிந்தவர்கள் மலையில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இன்னும் யாரும் பேனா கொடுக்கவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பழமொழி, ஊர்ப் பெயர், தாலாட்டு, சாமி கதை, பாட்டி சொன்ன மருந்து. அதைத் ‘திருத்தமான தமிழில்’ மாற்றி எழுதிவிட்டுக் கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கேட்டபடியே, சொன்னவர் பெயரோடு, ஊரோடு, தேதியோடு அப்படியே இருக்கட்டும். மாணவர்களே, உங்கள் ஆசிரியரிடமிருந்து அப்படி ஒரு நோட்டை வாங்கிப் பத்துப் பக்கம் தட்டச்சு செய்து பாருங்கள். சந்தேகம் வருகிற இடத்தில் அடிக்காமல், ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எடுத்து வாருங்கள். இங்கிருந்து யார் ஆரம்பித்தாலும் அந்த முதல் பத்துப் பக்கத்தை நான் கூலி இல்லாமல் பார்த்துத் தருகிறேன்.

அந்தப் பள்ளி ஆசிரியரின் புத்தகம் கொல்லையோடும் மல்லாட்டையோடும் வந்துச்சுவோடும்தான் வெளிவந்தது. நாளை சாயங்காலம் வரைக்கும் நான் கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறேன். நோட்டு வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.